பதினைந்து வயது வாசகிக்கு எழுதுகிறேன்

என் வாசகிக்குப் பதினைந்து வயது. கையில் காசு இருக்காது. கிண்டில் கருவியும் இருக்காது. அம்மாவின் போன் ராத்திரி எட்டு மணிக்கு மேல் கொஞ்ச நேரம் கிடைக்கும், அதிலும் தம்பி பங்கு கேட்பான். இளையோருக்கு ஃபேன்டஸி எழுதி, சொந்தமாகவே வெளியிட்டு, அதைத் தொழிலாக்க முடியுமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு முதலில் இவளைப் பற்றித்தான் சொல்கிறேன். பெரியவர்களுக்கு எழுதினால் படிப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். நமக்குப் படிப்பவள் ஒருத்தி. காசு கொடுப்பது அவள் அப்பா, அல்லது தமிழ் டீச்சர், அல்லது பள்ளி நூலகம். இரண்டு பேரிடமும் போய்ச் சேர வேண்டும்.

நான் காட்பாடியில் இருக்கிறேன். சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், வீட்டு வாடகை அதில் போகிறது. புத்தக வருமானம் இப்போதைக்குப் பால், மளிகை, கரண்ட் பில் வரை வந்திருக்கிறது. அது வாடகையையும் எட்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வியாபாரம் பேசுவதற்கு முன் கதையைப் பேச வேண்டும். என் அம்மா ஊர் குடியாத்தம். வைகாசி முதல் நாள் அங்கே கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் சிரசு கிளம்பி, ஜனக்கடலுக்கு நடுவே ஊர்வலமாக வந்து, கோபாலபுரத்தில் கௌண்டன்ய ஆற்றங்கரைக் கோயிலில் உடலோடு பொருத்தப்படும். அந்தச் சிரசு ரேணுகையுடையது என்பார்கள். பரசுராமன் அப்பா சொல் கேட்டுத் தாய் ரேணுகையை வெட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். திரும்ப உயிர் வந்தபோது தலை ரேணுகையுடையது, உடல் வேறொருத்தியுடையது. ரேணுகையைக் காப்பாற்றப் போய் அவளோடு சேர்ந்து வெட்டுப்பட்டவள் அந்த இன்னொருத்தி. சின்ன வயதிலிருந்து எனக்கு அவள் மேல்தான் கண். அவள் கைகளுக்குப் பழைய ஞாபகம் இருக்குமா? அந்த உடம்பு செய்து பழகிய வேலையெல்லாம் எங்கே போகும்? இந்தக் கேள்விகளிலிருந்துதான் என் நாயகி பூங்காவனம் வந்தாள். பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டும் வீட்டுப் பெண். ராத்திரியில் அவள் கை, அவள் கற்காத நெசவை நெய்யும். மூன்று பாகத் தொடர் அது.

பூங்காவனமும் அவள் கூட்டாளிகளும் "இன்னா சொல்ற", "அவன் வந்துக்கினு இருக்கறான்" என்றுதான் பேசுவார்கள். முதல் பாகத்தைப் பார்த்த ஒரு பதிப்பகம், மாயம் நடக்கும் இடத்தில் வட ஆற்காட்டுப் பேச்சு ஒட்டாது, பொதுத்தமிழுக்கு மாற்றுங்கள் என்றது. திரௌபதியம்மன் திருவிழாத் தெருக்கூத்தில் இதே மண்ணின் பேச்சில் கோமாளியான கட்டியங்காரன் பேச, அவன் பக்கத்தில் கிரீடம் வைத்த துரியோதனன் நிற்கிறான். யாருக்கு ஒட்டாமல் போனது? அன்றைக்கே சொந்தமாகப் போடுவதென்று முடிவெடுத்தேன்.

கூத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இன்னும் ஒன்று உண்டு. ராஜா வேஷம் சட்டென்று மேடைக்கு வராது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், வேஷக்காரர் பின்னாலிருந்து பாடுவார், சலங்கை கேட்கும், தூங்கிய பிள்ளைகள் எழுந்து உட்காரும். திரை பிறகுதான் விலகும். என் அத்தியாயங்களைத் திரை விலகுவதற்கு முன்பே முடிக்கிறேன். போனில் தொடராகப் படிக்கும் பிள்ளை மறுநாள் திரும்பி வருவது அதனால்தான்.

அந்தத் தொடரை எங்கே போடுவது என்பதில்தான் நிறையப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். நாமே மின்னூல் வெளியிடும் அமேசானின் தளமான கேடிபி 2016 டிசம்பரில் தமிழை ஏற்றுக்கொண்டது. இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேராவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாள் ஒப்பந்தம். அந்த மின்னூல் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது, மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியில் வைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் என் பதினைந்து வயதுக்காரி இருப்பது போனில் இலவசமாகக் கதை படிக்கும் பிரதிலிபி மாதிரி இடத்தில். அதனால் பிரித்துக்கொண்டேன். முதல் பாகம் பிரதிலிபியில் முழுசாக, இலவசமாக. இரண்டாம் பாகம் கிண்டிலில். வெளிநாட்டிலிருக்கும் தமிழ்ப் பெற்றோர் அதை வாங்குகிறார்கள், மாதச் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் படிக்கப்படும் பக்கங்களுக்கும் தனியாகப் பணம் வருகிறது.

அச்சுக்கும் அவளை வைத்தேதான் கணக்குப் போட்டேன். புத்தகத் திருவிழாவுக்குப் பள்ளி வேனில் வந்து இறங்கும் பிள்ளையிடம் நூறு ரூபாய் இருந்தால் பெரிசு. அதனால் முதல் பாகத்தை ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக ஆறு ஃபாரத்தில், 96 பக்கத்தில் நிறுத்தி, விலை 100 வைத்தேன். கடையில் விற்றால் 35 ரூபாய் கழிவு, அச்சுக்கு 45, மிச்சம் 20. அட்டை ஓவியருக்கும் மெய்ப்பு பார்த்தவருக்கும் கொடுத்தது அந்த இருபதிலிருந்து திரும்பி வர வேண்டும். ஒற்றைப் புத்தகத்தை நம்பி இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்பது இங்கே விளங்கிவிடும். இரண்டாம் பாகம் தடிமன், விலையும் அதிகம். அதை வாங்குவது பூங்காவனத்தை ஏற்கெனவே நேசிக்கும் பிள்ளை, அல்லது அவள் நச்சரிப்புத் தாங்காத அப்பா.

புத்தகத்துக்கு அடையாளமான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி அதை இலவசமாகவே தருகிறது, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும். அட்டை ஓவியரிடம் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஓவியருக்கும் அது பாதுகாப்பு. தபால்தான் இப்போது பெரிய தொந்தரவு. புத்தகங்களைக் குறைந்த செலவில் அனுப்ப உதவிய பதிவுப் புத்தக அஞ்சலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். நூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்றை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பக் கட்டுப்படியாகாது, அதனால் இரண்டு பாகமும் சேர்ந்த கட்டாகவே அனுப்புகிறேன்.

மற்றபடி நான் அதிகம் போவது பள்ளிகளுக்கு. பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கம் அரசுப் பள்ளித் தமிழாசிரியர்கள் ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கித் தருகிறார்கள். நான் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உங்கள் ஊர் எல்லைச்சாமி ராத்திரியில் எங்கே போகும் என்று கேட்பேன். மணி அடித்த பிறகும் கை தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அங்கே கேட்டதில் சிலது, அந்தப் பிள்ளைகளின் சம்மதத்தோடு, மூன்றாம் பாகத்தில் வருகிறது.

மூன்றாம் பாகம் மெய்ப்பில் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளி நூலகங்களுக்கு, அது அச்சானதும், மூன்று பாகமும் நானே பஸ்ஸில் கொண்டுவந்து தருகிறேன், தபால் செலவு கிடையாது. ஆசிரியர்கள் எழுதுங்கள், எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் குறிப்பிட்டால் போதும்.