சி.பி.யு. கூலர் வாங்கும் முன் ஒரு வாட் கணக்கு

சென்னையில் மே மாதத்து மதியம், ஏசி போடாத அறையில் 36 டிகிரி சாதாரணம். கணினியின் சி.பி.யு. சிப்பைக் குளிர்விக்கும் கூலருக்கு யூடியூபிலும் இணையத்திலும் நீங்கள் பார்க்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி அறையில் எடுத்தவை. அங்கே 82 டிகிரி காட்டிய கூலர் இங்கே 96 காட்டும். கூலரில் கோளாறு எதுவும் இல்லை. ஃபேன் ஊதும் எந்த ஏர் கூலரும், தண்ணீரைச் சுற்றவிடும் எந்த லிக்விட் கூலரும் அறைக் காற்றைவிடக் கீழே போகாது. அறைக்கும் சிப்புக்கும் நடுவே இத்தனை டிகிரி வித்தியாசம் என்று நிறுத்திவைக்கத்தான் அதற்குத் தெரியும். ஆகவே விமர்சனத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும், முதலில் அவர்களுடைய அறை வெப்பத்தைக் கழியுங்கள், பிறகு உங்கள் அறையைக் கூட்டுங்கள். இன்டெல் 14-ஆம் தலைமுறை கே சிப்புகள் 100 டிகிரியில் தானாக வேகத்தைக் குறைக்கும். 96-இல் நிற்கும் சிப்பில் ஓவர்க்ளாக் செய்ய, அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்ட, மிச்சம் இருப்பது நாலு டிகிரி.

அடுத்தது வாட். முதல் ஓவர்க்ளாக் கணினிக்குப் பலர் எடுக்கும் ஐ5-14600கே சிப்பையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 125 வாட் என்று இருக்கும். அது அடிப்படை எண். டர்போவில், அதாவது சிப் தானே வேகத்தை ஏற்றி ஓடும்போது, இன்டெல் தரும் உச்ச வரம்பு 181 வாட். அதோடு முடிந்தால் பரவாயில்லை. முதல் முறை பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள், போகும்போது சில மதர்போர்டுகள், குறிப்பாக எம்.எஸ்.ஐ. போர்டுகள், "எந்த கூலர் போட்டிருக்கிறீர்கள்? பெட்டியில் வந்ததா, டவரா, வாட்டர் கூலரா?" என்று கேட்கும். வாட்டர் கூலர் என்று தட்டினால் வரம்பு 4096 வாட் ஆகிவிடும், அதாவது வரம்பே கிடையாது என்று அர்த்தம். புதிதாகக் கட்டுபவர் பெருமையாக அதைத் தட்டிவிட்டு, பிறகு "கூலர் சரியில்லை" என்று ஃபோரமில் போய்ப் புலம்புவார். முதல் நாளில் இன்டெல் டிஃபால்ட் அமைப்பை வைத்து, 181 வாட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்.

ஓவர்க்ளாக் செய்தால் சூடு எவ்வளவு கூடும்? தோராயமான கணக்கு இது: வாட், வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜின் வர்க்கமாகக் கூடும். 5.3 கிகாஹெர்ட்ஸ், 1.25 வோல்ட்டில் 181 வாட் என்று வைத்துக்கொள்வோம். 5.5-க்கு ஏற்ற 1.33 வோல்ட் தேவைப்பட்டால், 5.5-ஐ 5.3-ஆல் வகுத்தால் 1.038, 1.33-ஐ 1.25-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.132. இரண்டையும் பெருக்கினால் 1.175. 181 வாட் 213 ஆகிவிட்டது. நாலு சதவீத வேகத்துக்குப் பதினேழு சதவீதக் கூடுதல் சூடு. சிப் சூடாக ஆக மின்கசிவும் கூடும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் மேலேதான் நிற்கும். கூலர் தாங்க வேண்டியது இந்த 213-ஐத்தான், பெட்டியில் அச்சடித்த 125-ஐ அல்ல.

இந்த அளவுக்கு என் பரிந்துரை இரட்டை டவர் ஏர் கூலர். ஆறு ஹீட்பைப் (சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்), இரண்டு அலுமினியத் தகட்டு டவர், இரண்டு 120 அல்லது 140 மி.மீ. ஃபேன். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்.இ. 155 மி.மீ. உயரம், டீப்கூல் ஏகே620 160 மி.மீ., நாக்டுவா என்.எச்-டி15 165 மி.மீ. வாங்கும் முன் கேஸின் (பாகங்களை மாட்டும் கணினிக் கூடு) விவரப் பக்கத்தில் கூலருக்கு எத்தனை மி.மீ. இடம் என்று பாருங்கள். 160 என்று போட்ட கேஸில் 165 போகாது. கண்ணாடிப் பலகையை அழுத்தி மூடிப் பார்க்க வேண்டாம்.

அதைவிட அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ராமில். டவரின் முன்பக்க ஃபேன் ராம் ஸ்லாட்டுக்கு மேலே வந்து உட்காரும். ஆர்.ஜி.பி. விளக்கு வைத்த ராம் 44 மி.மீ., சிலது அதற்கு மேலும் உயரமாக இருக்கும். அது ஃபேனில் முட்டினால், ஃபேனை நாலைந்து மி.மீ. மேலே தூக்கி கிளிப் போட வேண்டும். இப்போது 155 மி.மீ. கூலர் 160 ஆகிவிட்டது. விளக்கு இல்லாத, 32 முதல் 35 மி.மீ. ராம் எடுத்தால் இந்தத் தலைவலியே கிடையாது. விளக்குதான் வேண்டும் என்றால் கேஸில் பத்து மி.மீ. கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கூலர் சும்மா கிடக்கிறது என்று எடுத்து மாட்டப் பார்ப்பவர்களுக்கு: பழைய இன்டெல் சாக்கெட்டான எல்.ஜி.ஏ.1200 போர்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 75 மி.மீ., 14600கே உட்காரும் எல்.ஜி.ஏ.1700-இல் 78 மி.மீ. புதிய மவுண்டிங் கிட் இல்லாமல் பொருந்தாது.

எங்கே லிக்விட் கூலர் வேண்டும்? 253 வாட் வரம்பு கொண்ட ஐ7, ஐ9 கே சிப்புகளை எல்லா கோரும் (சிப்புக்குள் கணக்குப் போடும் அலகுகள்) முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டும் வேலை இருந்தால் 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள ஏ.ஐ.ஓ. (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும் லிக்விட் கூலர்) அர்த்தமுள்ளது. வீடியோ ரெண்டரிங் அப்படிப்பட்டது. கேமுக்கு மட்டும் என்றால் சிப் அந்த வாட்டைத் தொடுவதே அபூர்வம். 240 மி.மீ. ஏ.ஐ.ஓ.வை நல்ல இரட்டை டவருக்கு மேலே வைக்க என்னால் முடியாது. விலை கூட, சத்தம் கூட, பழுதாக ஒரு பம்ப் வேறு.

அப்படியே வாங்கினாலும் மாட்டும் விதத்தில் ஒரு விதி உண்டு. குழாய்க்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இருக்கும், வருடம் போகப் போக ரப்பர் குழாய் வழியே தண்ணீர் மெல்ல ஆவியாகி அந்தக் காற்று கூடும். காற்று சுற்றின் மிக உயரமான இடத்தில் போய்ச் சேரும். பம்ப் அந்த இடத்தில் இருந்தால் கரகரவென்று சத்தம் வரும், கடைசியில் செத்துப் போகும். ரேடியேட்டரைக் கேஸின் மேலே மாட்டினால் கவலை இல்லை. முன்பக்கம் என்றால் குழாய் கீழ்நோக்கி இருக்கட்டும், ரேடியேட்டரின் உச்சி பம்ப்பைவிட மேலே இருக்கட்டும். கீழ்த் தளத்தில் மாட்டவே கூடாது. பம்ப் வயரை, போர்டில் பம்ப்புக்கென்று இருக்கும் இணைப்பில் செருகி, பயாஸில் முழு வேகம் என்று வையுங்கள். சாதாரண ஃபேன் இணைப்பில் போட்டுவிட்டு வெப்பத்துக்கு ஏற்ப வேகம் மாறும் ஆட்டோ கர்வில் விட்டால், சிப் குளிர்ந்திருக்கும்போது பம்ப் தடுமாறும்.

ஏ.ஐ.ஓ. சோதனையில் ஏமாற்றும் இன்னொரு விஷயம்: உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகவே நேரம் எடுக்கும். ஐந்து நிமிடம் ஓட்டி 78 டிகிரி என்று மகிழ்ந்தால், அரை மணி நேரத்தில் 90 காட்டும். டவர் கூலர் சில நிமிடங்களில் உண்மையைச் சொல்லிவிடும், தண்ணீருக்கு முப்பது நிமிடம் கொடுங்கள்.

வீட்டிலேயே குழாய் வெட்டிச் செய்யும் கஸ்டம் லூப் முதல் கணினிக்கு வேண்டாம். அலுமினிய ரேடியேட்டரையும் சிப்பின் மேல் உட்காரும் செம்பு பிளாக்கையும் ஒரே தண்ணீரில் சேர்த்து அரித்துப் போன கதைகள் போதும்.

ஏ.எம்.டி.யின் ரைசன் சிப்புகள் பக்கம் கணக்கு கொஞ்சம் வேறு. ரைசன் 5 7600எக்ஸ் 105 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட்டில் 142 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, சுமார் 70 சதுர மி.மீ. அளவுள்ள ஒரு குட்டிச் சில்லிலிருந்து வெளியே வர வேண்டும். கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன இடம். அதன் மேலே உள்ள உலோக மூடியும், முந்தைய ஏ.எம்.டி. சாக்கெட்டான ஏ.எம்4-இன் கூலர்கள் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தடிமனாக வைக்கப்பட்டது. எனவே நெரிசல் கூலரில் இல்லை, சில்லுக்கும் மூடிக்கும் நடுவே இருக்கிறது. 360 மி.மீ. போட்டாலும் எதிர்பார்த்த அளவு குறையாது. 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்பது 7000 வரிசை எக்ஸ் சிப்புகளின் வடிவமைப்பு, பழுது இல்லை. இவற்றுக்குப் பெரிய கூலரைவிட பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வோல்டேஜ் அமைப்பை மைனஸ் 15, பிறகு 20 என்று இறக்குவது அதிகப் பலன் தரும். அதே வேகம், குறைந்த வோல்டேஜ், குறைந்த சூடு. ஒற்றை டவரே போதும்.

இனி கேஸ். இங்கேதான் காசு கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம். 250 வாட் கிராஃபிக்ஸ் கார்டு தன் சூட்டைக் கேஸுக்குள்ளேதான் ஊதுகிறது, கூலர் இழுக்கும் காற்று அறைக் காற்று அல்ல, அந்தக் காற்று. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேஸ் அழகாக இருக்கும், ஆனால் ஃபேன் மூச்சுத் திணறும். முன்னால் வலை போட்ட கேஸ், முன்பக்கம் மூன்று 120 அல்லது இரண்டு 140 மி.மீ. ஃபேன் உள்ளே ஊத, பின்னால் ஒன்று வெளியே ஊத: இதோடு நிறுத்தலாம். மேலே ஃபேன் வைப்பதானால் பின்பக்கத் துளையில் மட்டும் வையுங்கள். மேலே முன்பக்கத் துளையில் வெளியே ஊதும் ஃபேன் வைத்தால், முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்று கூலரைத் தொடும் முன்பே மேலே போய்விடும். உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், தூசி இடுக்கு வழியாக வராமல் ஃபில்டர் வழியாகவே வரும்.

கேஸ் சரியா என்று பார்க்க எளிய சோதனை: முழு லோடில் ஓடும்போது பக்கப் பலகையைக் கழற்றுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில்.

மாட்டும்போது அவசரப்பட வேண்டாம். கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். இதைச் சொல்வதே கேலி போலத் தெரியும், ஆனால் "ஆன் செய்ததும் 100 டிகிரி" என்று வரும் புகார்களில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எல்.ஜி.ஏ.1700 சிப் நீள்சதுரம், ஆகவே தெர்மல் பேஸ்டை (சிப்புக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் களிம்பு) நடுவே ஒரு பட்டாணி அளவு வைத்தால் ஓரம் வரை பரவாமல் போகலாம். நீளவாக்கில் ஒரு கோடு, அல்லது மெல்லிய எக்ஸ் வடிவம் போடுங்கள். ரைசன் 7000 உட்காரும் ஏ.எம்5-இல் நடுவே ஒரு பட்டாணி, நாலு மூலைப் பக்கம் நாலு கடுகு. பேஸ்ட் கூடினால் பெரிய நஷ்டம் இல்லை, ஓரத்தில் வழியும், அவ்வளவுதான். குறைந்தால்தான் வினை. எம்.எக்ஸ்-6 போன்ற சாதாரண பேஸ்ட் போதும். பேஸ்டுக்குப் பதில் பூசும் லிக்விட் மெட்டல் பக்கம் போகாதீர்கள், அதிலுள்ள காலியம் அலுமினியத்தைத் தின்றுவிடும், மின்சாரமும் கடத்தும், ஒரு துளி சிந்தினால் போர்டு போச்சு.

கூலரை நேராக இறக்கி, ஒரு திருகை இரண்டு சுற்று, எதிர்த் திருகை இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் பேஸ்ட் ஒரு ஓரமாக ஒதுங்கி, ஒரு கோர் மட்டும் மற்றவற்றைவிடப் பன்னிரண்டு, பதினைந்து டிகிரி கூடக் காட்டும். ஃபேன் வயரை சி.பி.யு. ஃபேன் இணைப்பிலேயே செருகுங்கள், வேறெங்காவது போட்டால் ஆன் செய்ததும் ஃபேன் இல்லை என்று பயாஸ் நின்றுவிடும். இரண்டு ஃபேனும் ஒரே திசையில், பின்பக்க ஃபேனை நோக்கி ஊதுகிறதா என்று ஒரு டிஷ்யூ காகிதத்தைக் காட்டிப் பாருங்கள். ஃபேனின் குறுக்குக் கம்பி இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

14600கே வாங்கினால் முதல் வேலை பயாஸ் அப்டேட். 13, 14-ஆம் தலைமுறை சிப்புகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு நிரந்தரமாகப் பாழாகும் கோளாறு 2024-இல் உறுதியானது. ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி என்ற மைக்ரோகோடுகள் (பயாஸோடு வரும் சிப் திருத்தங்கள்) வந்தன, இன்டெல் வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பழைய பயாஸில் ஓவர்க்ளாக் தொடங்குவது, எந்தக் கூலர் போட்டாலும், சிப்பைக் கொல்லும் வழி. போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும், பி760-இல் சிப் மல்டிப்ளையர், அதாவது வேகத்தை ஏற்றும் அமைப்பு, திறக்காது.

சோதனைக்கு, வெப்பத்தையும் வாட்டையும் காட்டும் எச்.டபிள்யூ.இன்ஃபோவைத் திறந்து வைத்து, சிப்புக்கு முழு லோடு தரும் சினிபெஞ்ச் ஆர்23-ஐ முப்பது நிமிடம் ஓட்டுங்கள். பார்க்க வேண்டியது மூன்று: பேக்கேஜ் வாட், அதிகபட்ச கோர் வெப்பம், வேகக் குறைப்பு நடந்ததா என்ற வரி. முதலில் டிஃபால்ட் அமைப்பில். அந்த நேரத்து அறை வெப்பத்தையும் தாளில் எழுதுங்கள். காலையில் 28 டிகிரியில் எடுத்த அளவையும் மதியம் 36-இல் எடுத்ததையும் ஒப்பிட்டுக் குழம்புபவர்கள் நிறைய. டிஃபால்டிலேயே 90-ஐத் தாண்டினால் ஓவர்க்ளாக்குக்கு முன் மவுண்டிங்கை அவிழ்த்து மறுபடி போடுங்கள். 80-க்குள் நின்றால் 100 மெகாஹெர்ட்ஸ் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அதே முப்பது நிமிடம். மே மாத மதியத்தில் 92-க்கு மேல் போகும் படிக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். இன்னும் கடுமையான சோதனை மென்பொருளான பிரைம்95-இன் சின்ன எஃப்.எஃப்.டி. சோதனை தரும் சூடு எந்த கேமும் தராதது. அதில் 97 வந்தால் பதற வேண்டாம், ஆனால் மணிக்கணக்கில் அதை ஓட்டவும் தேவையில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டி, டவர் தகடுகளின் நடுவே அடைந்த பஞ்சை பிளோயரால் ஊதிவிடுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டால் அது சும்மா சுற்றாது, டைனமோ மாதிரி மின்சாரத்தை போர்டுக்குத் திருப்பி அனுப்பும், பேரிங்கும் தேயும்.