பச்சைத் தீயும் மாப்பிள்ளை பெல்ட்டும்

எங்கள் மேக்கர்ஸ்பேஸுக்கு (மெஷின்களைப் பகிர்ந்துகொண்டு, வேண்டியதை அவரவரே செய்துகொள்ளும் பொதுப் பட்டறை) ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் வருவார். எல்லோருக்கும் அவர் சார்தான். எந்த மெஷினைக் காட்டினாலும் முதலில் ஒரு முறை முறைத்துப் பார்ப்பார், அப்புறம்தான் கேள்வி.

வந்த புதிதில் ஃபேன் ரெகுலேட்டருக்கு ஒரு குமிழ் வேண்டும் என்று, த்ரீடி பிரிண்டரில் அச்சிட யாரோ வரைந்து தந்த எஸ்டிஎல் என்ற வடிவக் கோப்பைக் கொண்டுவந்தார். அந்த வகைக் கோப்பில் வெறும் எண்தான் இருக்கும். அங்குலமா, மில்லிமீட்டரா என்ற விவரம் இருக்காது. வரைந்தவர் 1.5 அங்குலம் என்று நினைத்து வரைந்ததை மென்பொருள் 1.5 மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டது. த்ரீடி பிரிண்டர் 200 டிகிரிக்குச் சூடேற எடுத்த நேரம்கூட அச்சிட ஆகவில்லை. மேடையில் கடுகளவு ஒரு பொட்டு.

"இதுக்குத் தோதா ஒரு ரெகுலேட்டரும் அடிச்சுத் தந்துடுங்க" என்றார் சார்.

25.4 மடங்கு பெரிதாக்கியதும் குமிழ் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

அடுத்த முறை கறுப்பு ஷீட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பேரனுக்குப் பென்சில் பை செய்ய, லேசர் கட்டரில் வெட்டணுமாம். இந்த மெஷினை வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு ஏமாற்றம் உண்டு: கதிர் கண்ணுக்கே தெரியாது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அது. சாருக்கு இன்னொன்றும் காத்திருந்தது.

"இது என்ன ஷீட் சார்?"

"தோல்தான். கடைக்காரர் அடிச்சுச் சொன்னார்."

கடைக்காரர் வாக்கை நம்பி லேசரை ஓட்ட முடியாது. பிவிசி பூசிய ரெக்சினாக இருந்தால், கதிர் பட்டதும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். நுரையீரலுக்கும் ஆகாது, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி மெஷினின் இரும்பையும் அரித்துவிடும். அதனால் சந்தேகப்பட்டதை வெளியே திறந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிப்போம். செம்புக் கம்பியை கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டின் ஓரத்தில் ஒத்தி, ஒட்டிய துளியோடு மறுபடி தீயில் காட்டணும். குளோரின் இருந்தால் தீ பச்சையாகும்.

ஆயிற்று, பளிச்சென்று.

சாரின் வருத்தம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "இன்னொரு தரம் காட்டுங்க" என்றவர், அப்படியே கம்பியையும் கைப்பற்றிவிட்டார். செருப்பின் ஓரம், பச்சை. பழைய ஒயர்த் துண்டின் உறை, பச்சை. அக்ரிலிக் துண்டு மட்டும் மாறவில்லை (லேசருக்கு அது சமர்த்துப் பிள்ளை). அவர் பார்வை போன திசையைப் பார்த்து, ஒரு கல்லூரிப் பெண் தன் மழைக்கோட்டைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தாள்.

கடைசியில் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவினார். "இது அசல் தோல். மாப்பிள்ளை வாங்கித் தந்தது."

"வேண்டாம் சார், விட்டுடுங்க."

கேட்டால்தானே! பெல்ட்டின் நுனியில் கம்பியை ஒத்தித் தீயில் காட்டினார். அன்று பார்த்த பச்சைகளிலேயே அதுதான் முதல் தரம்.

சார் எதுவும் பேசவில்லை. நிதானமாகப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

"மாப்பிள்ளை, சௌக்கியமா? ஒண்ணுமில்லை, சும்மாதான். அந்த பெல்ட்டுக்கு பில் வச்சிருக்கீங்களா?"