சர்க்கஸை முதுகில் சுமந்த குதிரை

சர்க்கஸ் என்றால் நம்மூரில் யானை, சிங்கம், பார் விளையாட்டு என்றுதான் பேசுவார்கள். ஆனால் அது தொடங்கியதே குதிரையில்தான். லண்டனில் 1768இல் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படைக்காரர் வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று காட்டினார். 42 அடி குறுக்களவு கொண்ட வட்டம் அவர் வழியாக வந்ததுதான். சர்க்கஸ்காரர்கள் இன்றும் அதைத்தான் போடுகிறார்கள்.

ஏன் வட்டம்? நான் ஓசூர் மத்திகிரிக்காரன், குதிரை பழக்குவது என் தொழில். எங்கள் ஊர்க் கால்நடைப் பண்ணையே 1824இல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கியதுதான். நீளக் கயிற்றில் குதிரையைச் சுற்ற விட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். நாலைந்து சுற்றுக்குள் அதன் ஓட்டம் சீராகிவிடும். உடம்பு உள்பக்கம் லேசாகச் சாயும். நடுவில் நிற்பவன் பக்கமுள்ள காது மட்டும் அவனையே பார்த்துத் திரும்பியிருக்கும். அந்தச் சாய்வோடு சேர்ந்து சாய்ந்தால், வெளியே தள்ளும் விசையே ஆளைக் குதிரை முதுகோடு சேர்த்து அழுத்தும். குதிரை ஒரே தாளத்தில் ஓடினால்தான் இது நடக்கும். அடி ஒன்று பிசகினால் மேலே நிற்பவன் கீழே.

பம்பாய்க்கு இத்தாலியர் சியாரினியின் சர்க்கஸ் வந்தபோது, மராட்டியச் சமஸ்தானமான குருந்த்வாட்டின் ராஜாவோடு அதைப் பார்க்கப் போனவர் விஷ்ணுபந்த் சத்ரே. ராஜாவின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர். இந்தியர்களுக்குச் சொந்த சர்க்கஸ் அமைய இன்னும் காலமாகும் என்று சியாரினி சொன்னதாகச் சொல்வார்கள். மராட்டியக் குதிரைப்படையின் மண்ணில் நின்று சொன்ன பேச்சு அது! படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சத்ரே வாயால் பதில் சொல்லவில்லை. 1880 மார்ச் 20 அன்று தன் கிரேட் இந்தியன் சர்க்கஸின் முதல் காட்சியை நடத்திவிட்டார். அவருக்குச் சங்கீதப் பித்தும் உண்டு. குவாலியர் கரானா என்ற இந்துஸ்தானி இசை மரபின் பாடகர் ரஹிமத் கானைத் தன் சர்க்கஸோடு ஊர் ஊராக அழைத்துப்போய்ப் பாட வைத்தவர்.

பிறகு சத்ரே கேரளத்துத் தலச்சேரிக்குப் போனார். அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்பவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் கரணமும் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளைகள் கூடாரத்தை நிறைத்தார்கள். மனிதர்கள் அந்தரத்தில் பறக்க ஆரம்பித்ததும் குதிரை பத்தோடு ஒன்றாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தம்தான்.

எங்காவது கூடாரத்தில் குதிரை ஓடினால், மேலே நிற்பவருக்குக் கைதட்டிவிட்டு, ஒரு சுற்று அதன் காலடியையும் கவனியுங்கள்.