இங்கிலிஷ் மாஸ்டர் காட்டித் தந்த நடிகர்

இந்த முறை நம் பழைய மாணவர் சங்க மலரில் நமக்குப் படிப்பித்தவர்களைப் பற்றி எழுதச் சொல்லி மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். அறுபதுகளில் நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு 'இங்கிலிஷ் மாஸ்டர்' என்றால் போதும், ஆளைத் தெரியும். கையில் புத்தகம் இல்லாமல் ஷேக்ஸ்பியர் படிப்பித்தவர் அவர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு அலெக் கின்னஸின் ஞாபகமும் சேர்ந்தே வருகிறது. அந்த ஆங்கில நடிகரை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான்.

ஒரு வருடம் கல்லூரிக் கலைவிழாவுக்கு ஹம்லெட்டின் கடைசி அங்கத்தை மேடையேற்றினோம். எனக்குக் கிடைத்தது ஒஸ்ரிக். தொப்பியும் கையுமாக வந்து, வாட்போட்டிக்கு அழைப்புச் சொல்லிவிட்டுப் போகிற அரண்மனைப் பகட்டுக்காரன். என் முகம் வாடியதை மாஸ்டர் கண்டுவிட்டார். "தம்பி, 1934இலை லண்டனிலை கில்குட் ஹம்லெட்டாய் நடிக்கேக்கை ஒஸ்ரிக்காய் வந்தது ஆர் தெரியுமோ? அலெக் கின்னஸ். ஆளின்ரை நடையை முதல் பிடி. கதை பிறகு வரும்" என்றார்.

அதற்குப் பிறகு பின்னேரங்களில் மண்டபத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை வாய் திறக்காமல் நடக்க விட்டார். சோக்கட்டியால் நிலத்தில் ஒரு கோடு கீறி, "இளவரசனுக்கு முன்னாலை நிக்கிறவன் இந்தக் கோட்டைத் தாண்டுவானோ? தாண்டாமல் எப்பிடி நெருங்குவான்?" என்று கேட்டார். இடுப்பை வளைத்து, கழுத்தை நீட்டி, கால்விரலில் நின்று பார்த்தேன். மூன்றாவது தரமோ நாலாவது தரமோ, மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். அன்றைக்குத்தான் வசனப் புத்தகத்தைக் கையில் தந்தார்.

கின்னஸுக்கு அந்த ஒஸ்ரிக் சும்மா கிடைத்ததல்ல. 1985இல் வந்த அவருடைய சுயசரிதையை வாசித்தபோது இதையெல்லாம் மாஸ்டரிடம் உடனே சொல்ல வேண்டும் போல இருந்தது. 1914இல் லண்டனில் பிறந்தவர். தகப்பன் யாரென்று கடைசிவரை உறுதியாகத் தெரியாது. தாயோடு வீடு மாறி வீடு மாறி வளர்ந்த பிள்ளை. பள்ளிக்கூடம் முடிந்து ஒரு விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதினார், பிறகு நடிப்புப் பள்ளிக்குப் போனார். கையில் காசில்லாத அந்த நாட்களில்தான் ஜோன் கில்குட் அவருக்குக் கைகொடுத்தார். ஆனால் ஒத்திகையில் அதே கில்குட், உனக்கு நடிக்கத் தெரியாது, யாரிடமாவது பழகிக்கொண்டு ஒரு கிழமை கழித்து வா என்று துரத்திவிட்டார். இருபது வயதுப் பொடியன் அந்தக் கிழமை முழுக்கப் பூங்காக்களில் சுற்றித் திரிந்துவிட்டுத் திரும்பிப் போனார். கில்குட் ஏற்றுக்கொண்டார்.

கின்னஸுக்கு ஆரம்பத்தில் நடிப்புச் சொல்லிக் கொடுத்தவர் மார்ட்டிட்டா ஹன்ட் என்ற நடிகை. 1939இல் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' கதையைக் கின்னஸே நாடகமாக எழுதி மேடையேற்றியபோது, அதில் மிஸ் ஹவிஷமாக வந்தவர் அந்த அம்மாதான். அந்த நாடகத்தைப் பார்த்த இயக்குநர் டேவிட் லீன், 1946இல் அதே கதையைப் படமாக எடுத்தபோது இருவரையும் அதே பாத்திரங்களில் நடிக்கவைத்தார். ஆசிரியரும் மாணவரும் ஒரே படத்தில். இடையில் கின்னஸ் கடற்படையில் சேர்ந்து, 1943இல் சிசிலித் தரையிறக்கத்தில் ஒரு படகுக்குப் பொறுப்பாக இருந்தார்.

1949இல் வந்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் ஒரே குடும்பத்தின் எட்டுப் பேராக வருவார். பாதிரியார், வங்கிக்காரர், கடற்படைத் தளபதி, ஒரு சீமாட்டி கூட. ஒரு காட்சியில் தேவாலயத்தில் ஆறு பேர் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள், ஆறும் அவரே. கமெராவை அசையாமல் பூட்டிவைத்து, பிலிமின் ஒவ்வொரு பகுதியாக மறைத்துத் திரும்பத் திரும்ப எடுத்த காட்சி அது. மீசையும் தாடியும் யாருக்கும் ஒட்டலாம். அந்த எட்டுப் பேருக்கும் எட்டு விதமான பொறுமையின்மை இருக்கிறது பாருங்கள், அதுதான் நடிப்பு.

1948இல் 'ஒலிவர் ட்விஸ்ட்' படத்தில் அவர் செய்த ஃபேகின் என்ற யூதத் திருடர் தலைவன் வேறு கதை. நடிப்பு அபாரம். ஆனால் அந்த ஒட்டு மூக்கும் ஒப்பனையும் யூதர்களை இழிவுபடுத்துவதாகப் பெர்லினில் ஆர்ப்பாட்டமே நடந்தது. அமெரிக்காவில் 1951இல், அதுவும் வெட்டித்தான் வெளியிட்டார்கள். போர் முடிந்து மூன்றே வருடத்தில் அதைப் பார்க்க நேர்ந்தவர்களின் கோபம் எனக்கு விளங்குகிறது.

'பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தை நாங்கள் யாழ்ப்பாணம் றீகல் தியேட்டரில் பார்த்தோம். மாஸ்டர்தான் கூட்டிக்கொண்டு போனார். போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் கைதிகள் ரயில்பாதைக்குப் பாலம் கட்டும் கதை. அது நடப்பது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில். எடுத்தது நம் நாட்டில். கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே உண்மையாகவே ஒரு மரப்பாலம் கட்டி, 1957 மார்ச்சில் ரயிலோடு தகர்த்தார்கள். அவிசாவளை வழியாக ஹட்டன் பக்கம் போனவர்களுக்கு இடம் தெரியும். அந்தக் கைதிகளின் தலைவரான கேர்ணல் நிக்கல்சன் பாத்திரத்தைக் கின்னஸ் முதலில் வேண்டாம் என்று தட்டிக் கழித்தவர். நடிக்கச் சம்மதித்த பிறகும் அந்த மனுஷனை எப்படிக் காட்டுவது என்று படத்தை இயக்கிய லீனோடு ஒரே இழுபறி. கடைசியில் அந்தப் பாத்திரத்துக்குத்தான் ஒஸ்கார் கிடைத்தது.

அந்தப் படத்தில் ஒரு நடை. தகரக் கூண்டுக்குள் வெயிலில் நாட்கணக்காக அடைத்து வைக்கப்பட்ட கேர்ணலை வெளியே விடுகிறார்கள். ஜப்பானிய அதிகாரியின் குடிசை வரை, தன் படை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போக வேண்டும். முழங்கால் சொல்வழி கேட்பதில்லை. பாதம் நினைத்த இடத்தில் விழுவதில்லை. ஆனாலும் முதுகை நேராக வைத்திருக்கப் பார்க்கிறார். கின்னஸின் ஒரே மகன் மத்தியூ சின்ன வயதில் போலியோ வந்து படுத்தவன். அவன் குணமாகி வரும்போது தட்டுத் தடுமாறி நடந்த நடையைத்தான் தகப்பன் அங்கே நடந்தார். மகன் படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்திருப்பாராம். 1956இல் கத்தோலிக்கராகவே ஆனார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்குக் கேர்ணல் தெரிவதில்லை, பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன்தான் தெரிகிறார்.

தியேட்டரால் வெளியே வந்தபோது மாஸ்டர் சொன்னதையும் எழுதவேண்டும். அவருடைய தமையனார் மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர். "படம் நல்லது தம்பியவை. ஆனால் அந்தப் பாதையிலை செத்த எங்கடை சனம் ஒருத்தரும் படத்திலை இல்லை." மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தச் சயாம் மரண ரயில்பாதையில் மாண்டார்கள். வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகளைப் பராமரிக்கிறார்கள். நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கூட ஒழுங்காக இல்லை. ஒரு நடிகரை மனதார மெச்சிக்கொண்டே அந்தப் படத்தில் இல்லாததையும் பார்க்கலாம் என்று எங்களுக்குப் பழக்கியவர் மாஸ்டர்.

1979இல் பிபிசி, 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை'யை ஏழு பகுதிகளாகக் காட்டியபோது நான் லண்டனில் இருந்தேன். அதில் கின்னஸ் ஜோர்ஜ் ஸ்மைலி என்ற வயதான உளவு அதிகாரி. பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். கழுத்துப்பட்டியின் அகலமான நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். எதிரே இருப்பவன் அந்த மௌனம் தாங்காமல் தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். இதற்காக உண்மையான உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மோரிஸ் ஓல்ட்ஃபீல்டோடு ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய், ஆளை அடிமுதல் முடிவரை கவனித்துக்கொண்டு வந்தாராம். என்னைக் கேட்டால் அவர் செய்ததில் இதுதான் உச்சம். குவாய் இரண்டாவது.

1988இல் லண்டன் வெஸ்ட் எண்ட் மேடையில் 'எ வோக் இன் த வூட்ஸ்' நாடகத்தில் சோவியத் இராஜதந்திரியாக அவர் நடித்தபோது மேல் பல்கனியிலிருந்து பார்த்தேன். அதுதான் அவருடைய கடைசி மேடை நாடகம். அன்றிரவே மாஸ்டருக்குக் கடிதம் எழுதினேன். ஊர் இருந்த நிலையில் பதில் வர மாதங்கள் ஆயின. உள்நாட்டுச் செய்தியெல்லாம் எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: "ஆள் எப்படி நடந்தவர் என்று நீர் எழுதவில்லை." நான் இரண்டு பக்கத்துக்குப் பதில் போட்டேன்.

எல்லாப் பாத்திரமும் அவருக்குப் பொருந்தியதல்ல. 1984இல் 'எ பாஸேஜ் டு இந்தியா'வில் இந்தியப் பேராசிரியர் கோட்போலேயாக முகத்துக்கு நிறம் பூசிக்கொண்டு வந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த இடத்தில் நிற்க இந்தியாவில் எத்தனை நடிகர்கள் இருந்தார்கள்! 1977இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' அவருக்குப் பெரும் பணம் கொண்டுவந்தது, ஏனென்றால் சம்பளத்தோடு இலாபத்திலும் பங்கு பேசியிருந்தார். ஆனால் அந்த வசனங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு அவர் அதில் வரும் ஓபி-வான் கெனோபிதான். சரி, அந்த வாசலால் வந்தாவது மற்றப் படங்களைப் பார்க்கட்டும்.

2000 ஆகஸ்டில், 86 வயதில் கின்னஸ் காலமானார். அறுபத்திரண்டு வருடம் கூட வாழ்ந்த மனைவி மெருலாவும் இரண்டு மாதத்தில் போய்விட்டார்.

கிளையின் அடுத்த ஒன்றுகூடலில் வழமையான பாட்டுக்கச்சேரியோடு 'குவாய்' படத்தையும் போடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். படம் நீளமானது, அதனால் மத்தியானமே தொடங்க வேண்டும். மலாயாவோடு தொடர்புள்ள குடும்பங்கள் நம் சங்கத்தில் பல இருக்கின்றன. படம் முடிந்ததும் அவர்களில் யாராவது அந்த ரயில்பாதையைப் பற்றி, வீட்டில் கேட்டதைப் பேச முன்வந்தால் செயலாளரிடம் பெயரைக் கொடுங்கள்.