இடது 34, வலது 34

மே 3
டிக்கெட் வந்துவிட்டது. சென்னையிலிருந்து தோஹா நாலரை மணி நேரம், அங்கிருந்து டல்லாஸ் 16. என்னைக் கேட்காமலே மகள் வீல்சேர் போட்டிருக்கிறாள். "எனக்கு நடக்க முடியாதுன்னு யாருடி சொன்னா?" "நடக்கறதுக்கு இல்லம்மா, வழி தெரியறதுக்கு."

மே 5
மேல் வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கவே கூடாது. சிட்னியிலிருந்து வந்த மூணாம் நாள் கெண்டைக்கால் எப்படி வீங்கியது, ரத்தம் கட்டிக்கொண்டதை ஸ்கேனில் எப்படிக் காட்டினார்கள் என்று ஒரு மணி நேரம். புடவையை முட்டி வரை தூக்கிக் காட்டினாள். இடது கால். எனக்கு நரம்பு சுருண்டிருப்பதும் இடதில்தான்.

மே 6
தையல் டேப்பை எடுத்து அளந்தேன். இடது 34 சென்டிமீட்டர், வலது 34.

மே 8
டாக்டர். நாலு மணி நேரத்துக்கு மேல் பறக்கிறவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருத்தருக்குத்தான் வருமாம். அந்த ஒருத்தி எங்க மாடியிலேயே இருக்காங்களே என்றேன். "அப்ப உங்க தெருக் கணக்கு முடிஞ்சுதும்மா" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், நரம்பு இப்படி இருப்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் என்றார். கெண்டைச் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும், உட்கார்ந்தே இருந்தால் தேங்கும். எழுந்து நட, முடியாவிட்டால் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கு. ஆஸ்பிரின் நீயாகப் போடாதே. ரெண்டு காலும் வீங்கினால் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.
ஒரு கால் மட்டும். ஒரு கால் மட்டும்.

மே 9
முட்டி வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் வாங்கியாச்சு. அட்டையில் 15–20 பாதரச மில்லிமீட்டர் என்று அழுத்தம் போட்டிருந்தது. முப்பது வருஷம் பாரோமீட்டர் பாடம் நடத்தியவளுக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். மாட்டுவதற்குள் வேர்த்துவிட்டது. அவர் உதவிக்கு வந்து, "பூசணிக்காயைக் கோணியில திணிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பேசவில்லை.

மே 13
ரசப்பொடி, சாம்பார்பொடி டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டினேன். அவர் கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.

மே 16
வீல்சேரை ரத்து செய்யச் சொன்னேன். கேட்கவில்லை.

மே 18, எந்த ஊர் மணி என்று தெரியவில்லை
ஓர சீட் என்று சொல்லிவிட்டுக் கவுன்ட்டரில் நடு சீட் கொடுத்துவிட்டார்கள். ஓரத்துப் பையன் போர்வையைத் தலையோடு மூடித் தூங்குகிறான். அவனை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீரைக் குறைத்தேன், உதடு வெடித்தது. இங்கே காற்றில் ஈரமே இல்லை. மூணு தடவை எழுப்பினேன். நாலாவது தடவை, "ஆன்ட்டி, நீங்களே இங்க உக்காந்துக்குங்க" என்று மாறிக்கொண்டான். மகராசன்.

பையிலிருந்த முறுக்குப் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிவிட்டது. பாயில் விதி! விமானத்துக்குள் அழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்துக்குத்தான் வைக்கிறார்கள், அழுத்தம் குறைந்தால் வாயு விரியத்தான் செய்யும். என் வயிறும் அதே விதிப்படி. நேற்று மொச்சைக் குழம்பு வைத்தது என் புத்தி.

குதிகால் 40 தடவை. இறங்கும்போது வாயில் பனங்கற்கண்டு, காது அடைக்கவில்லை.
வீல்சேரில் உட்கார்ந்துதான் வந்தேன். எழுதக் கூடாது என்றிருந்தேன்.

மே 19, ராத்திரி 3
முழிப்பு. அங்கே மதியம் ஒன்றரை, அவர் சாப்பிட்டிருப்பார். கணுக்கால் ரெண்டும் கொழுக்கட்டை. இடது 35.5, வலது 35.5. சரிசமம்.

மே 21
இடது 35, வலது 34.

மே 21, மறுபடி
டேப்பை வெவ்வேறு இடத்தில் சுற்றியிருக்கிறேன். முட்டியிலிருந்து நாலு விரல்கட்டை கீழே, ரெண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டு அளந்தேன். 34, 34. மாப்பிள்ளை பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

மே 23, ராத்திரி 2.40
சமையலறையில் விளக்கு. அவளும் தூங்கவில்லை, வயிறு இடிக்கிறதாம். ரெண்டு பேரும் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டோம். அவள் பாதமும் வீங்கித்தான் இருக்கிறது. மாசமாக இருக்கிறவர்களுக்கும் ரத்தம் கட்டலாம் என்று டாக்டர் போகிற போக்கில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்காரவைத்து அளந்தேன். "என்னம்மா இது, ஜாக்கெட் தைக்கப் போறியா?"
இடது 38, வலது 38.

மே 24
அவளுக்கு இடது 38.5. வலது பார்ப்பதற்குள் கூப்பிடுகிறாள்