அப்பாவுக்கு ஐசிடி வைத்தார்கள்

கொண்டலாம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிற என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும், சில மாதம் கழித்து எடுத்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் 30 சதவீதம்தான் இருந்தது. 35-க்குக் கீழே போனவர்களுக்குத் திடீரென்று துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம், அப்படி ஆனால் ஷாக் கொடுத்துக் காப்பாற்றும் ஐசிடி என்ற சின்னக் கருவியை உடம்புக்குள் வைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். "நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதுக்கு மிஷின்?" என்று அப்பா பிடிவாதம்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் பேஸ்மேக்கர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பேஸ்மேக்கர் துடிப்பு குறைந்தால் தூண்டிவிடும். ஐசிடி அதையும் செய்யும், ஆனால் அதை வைப்பது வேறு காரணத்துக்காக: இதயத்தின் கீழறையில் துடிப்பு வெறிபிடித்து ஓடினால் முதலில் வேகமான சின்னத் தூண்டல்கள் கொடுத்து அடக்கப் பார்க்கும், அடங்காவிட்டால் ஷாக். தன் ஆசிரியர் இப்படித் துடிப்பு கெட்டு இறந்த வேதனையில்தான் மிரோவ்ஸ்கி என்ற டாக்டர் இதற்காகப் பாடுபட்டார், 1980-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒருவருக்கு வைத்தார்கள் என்று டாக்டர் சொன்னார். அப்பா மனம் மாறியது அதைக் கேட்ட பிறகுதான்.

ஆபரேஷன் பெரிதில்லை. இடது காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ரத்தக்குழாய் வழியாக ஒயரை இதயத்துக்குள் விட்டு, கருவியைத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார்கள்.

கஷ்டம் அப்புறம்தான். ஒயர் நகர்ந்துவிடாமல் இருக்க சில வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், முழங்கையையும் மணிக்கட்டையும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தறிக்குத் திரும்பலாமா என்று நாங்கள் தனியாகக் கேட்டோம், நீங்களும் உங்கள் தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். ஓடுகிற மோட்டார் மேல் சாயக்கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நிற்கலாம், கரண்ட் வெல்டிங் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். செல்போன் இடது சட்டைப்பையில் கூடாது.

வீட்டுக்கு அனுப்பும் முன்பே ஷாக் அடித்தால் என்ன செய்வது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்குச் சொன்னது: ஒரு ஷாக் அடித்து ஆள் தெளிவாக இருந்தால் அன்றைக்கே டாக்டருக்குப் போன், அடுத்தடுத்து அடித்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தாலோ உடனே 108. அந்த நேரத்தில் அவரைத் தொடுபவருக்கு ஆபத்தில்லை. அம்மாவுக்கு இதுதான் பெரிய பயமாக இருந்தது, கேட்டபிறகுதான் பக்கத்தில் படுத்தார்.

ஐசிடி இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். துடிப்பு கெட்டால் அடக்கத்தான் அது, இதயத்தின் பலவீனத்துக்கு மாத்திரைதான். ஏற்காட்டு அத்தை வீட்டுக்குப் போனாலும் மாத்திரையும் கருவியின் அடையாள அட்டையும் அப்பா கையோடு போகும்.