ஸ்டிக்கரின் ஓரம்

மதுரை பக்கம் கப்பலூரில், வெட் வைப்ஸ் என்கிற ஈரத் துடைப்புத் துணியைப் பாக்கெட் போடும் மெஷினில் நிற்கிறேன். பாக்கெட்டின் மேலே திறந்து மூடும் ஸ்டிக்கர் இருக்கிறதே, அதை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் வேலையில் பாதி அதில்தான்.

ரோலில் இருந்து ஃபிலிம் ஓடி வரும்போதே டை என்கிற வெட்டு அச்சு அதில் வாய் வெட்டிவிடும். அதன் மேல், வாயைவிடப் பெரிதாக ஸ்டிக்கர் உட்காரும். நான்கு பக்கமும் பசை, விரல் பிடிக்கும் நுனியில் மட்டும் பசை கிடையாது. பசை அதிகமானால் ஃபிலிமே கிழிந்துவிடும். குறைந்தால் பத்தாவது தடவை திறக்கும்போதே ஓரம் தூக்கிக்கொள்ளும். அப்புறம் மதுரை வெயிலுக்கு உள்ளே இருக்கும் துணி அப்பளம்தான்.

ஃபிலிமின் வெளிப்பக்கம் பாலியெஸ்டர், உள்பக்கம் பாலிஎத்திலீன். சூட்டில் உருகி ஒட்டுவது உள்பக்கம். ஒட்டும் இடத்தில் துணியை நனைக்கும் லோஷன் ஒரு சொட்டு தெறித்தாலும் சீல் பிடிக்காது. போன வாரம் ஒரு பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துக் காற்றை உறிஞ்சிச் சோதித்தபோது, ஒரு மூலையில் ஊசிமுனை அளவுக்குக் குமிழி வரிசையாகக் கிளம்பியது. அந்த ஒரு மணி நேரச் சரக்கு முழுவதையும் நிறுத்தி வைத்தோம். அது பச்சைக் குழந்தைக்குப் போகிற பொருள், மனசு கேட்கவில்லை.

உசிலம்பட்டியில் இருக்கும் தங்கச்சி, "அண்ணே, ஒரே வாரத்துல காஞ்சு போச்சு" என்று போன் செய்தாள். வீடியோவில் காட்டச் சொன்னேன். ஸ்டிக்கர் பசையில் பவுடர் அப்பியிருந்தது. பவுடர் கையோடு தொடாதே, மூடியதும் கட்டைவிரலால் ஓரம் முழுக்க ஒரு சுற்று அழுத்திவிடு என்றேன். புதுப் பாக்கெட்டில் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.